விசையும் எழுத்தும் ஒன்றா?

'அம்மா' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? அ, ம், மா என மூன்று என்று உடனே சொல்லிவிடுவீர்கள். இதே சொல்லைக் கணிப்பொறியில் தமிழ் 99 விசைப்பலகை முறையில் அடித்தால் நான்கு விசைகளை அழுத்த வேண்டும். அடித்து முடித்த பின் அது நினைவகத்தில் ஐந்து எண்களாகப் பதிந்திருக்கும். எழுத்து மூன்று, விசை நான்கு, எண் ஐந்து!

ஒரு விசையை அழுத்தினால் ஓர் எழுத்து விழும் என்றுதான் நாம் பொதுவாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். பழைய தட்டச்சுப் பொறியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை. அங்கே விசையை அழுத்தியதும், நெம்புகோல்களால் அதனுடன் இணைக்கப்பட்ட அச்சு மேலெழுந்து மைநாடாவின் மீது மோதும். விசைக்கும் எழுத்துக்கும் இடையே இருந்தது இரும்புத் தண்டு ஒன்றே. கணிப்பொறியில் அந்தத் தண்டு இல்லை. அதன் இடத்தில் பல படிகள் வந்துவிட்டன. இந்தப் படிகளை அறியாமல் எழுதப்பட்ட ஒரு நிரல், விண்ணப்பப் படிவத்தில் ஒரு மாணவரின் பெயரையே பாதியில் வெட்டிவிடக்கூடும். அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள்

ஒரு முழு விசைப்பலகையில் நூற்றுக்கும் மேற்பட்ட விசைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கம்பி என்றால் நூறு கம்பிகளுக்கு மேல் வேண்டும். பொறியாளர்கள் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். எட்டுக் கம்பிகளைக் குறுக்காகவும் பதினாறு கம்பிகளை நெடுக்காகவும் அமைத்தால், அவை ஒன்றையொன்று 8 × 16 = 128 இடங்களில் கடக்கும். ஒவ்வொரு கடப்பிலும் ஒரு விசையை வைக்கலாம். 24 கம்பிகள் போதும்!

விசைப்பலகைக்குள் இருக்கும் ஒரு சிறிய நுண்செயலி, குறுக்குக் கம்பிகளில் ஒவ்வொன்றாக மின்குறி அனுப்பி, அது எந்த நெடுக்குக் கம்பியில் வெளிவருகிறது என்று பார்க்கிறது. மூன்றாம் குறுக்குக் கம்பியில் அனுப்பியது ஐந்தாம் நெடுக்குக் கம்பியில் வந்தால், அவை இரண்டும் கடக்கும் இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனை ஒவ்வொரு விநாடியும் நூற்றுக்கணக்கான முறை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு பந்தைத் தரையில் போட்டால் அது உடனே நின்றுவிடுவதில்லை. சிலமுறை எம்பிக் குதித்த பிறகே ஓய்கிறது. விசையின் உள்ளே இருக்கும் தொடுமுனைகளும் அப்படித்தான். அவை ஒன்றையொன்று தொட்டதும் சில மில்லிவிநாடிகளுக்குத் துள்ளுகின்றன. அந்த நேரத்தில் மின்சுற்று பலமுறை மூடித் திறக்கும். இதை அப்படியே நம்பினால் ஒருமுறை அழுத்தியதற்கு நான்கைந்து எழுத்துகள் விழுந்துவிடும். எனவே நுண்செயலி உடனே முடிவு செய்யாமல், துள்ளல் அடங்கிவிட்டதா என்று பார்த்த பின்னரே 'விசை அழுத்தப்பட்டது' என்று ஏற்றுக்கொள்கிறது.

விசைக்குத் தெரிந்தது இடம் மட்டுமே

நுண்செயலி அடுத்து என்ன செய்கிறது? 'ஏ என்ற ஆங்கில எழுத்து அழுத்தப்பட்டது' என்று கணிப்பொறிக்குச் சொல்கிறதா? இல்லை. விசையின் மேல் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. அது அனுப்புவது அந்த இடத்துக்குரிய ஓர் எண்ணை மட்டுமே. 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. கணிப்பொறியில் 'ஏ' விசைக்குரிய எண் 30. விசையை விட்டதும் 30 + 128 = 158 என்ற வேறோர் எண் சென்றது. இன்றைய யு.எஸ்.பி. விசைப்பலகைகளில் அதே விசைக்கு எண் 4.

விசையை அழுத்துவது ஒரு செய்தி, விடுவது மற்றொரு செய்தி என்பதைக் கவனியுங்கள். ஷிப்ட் விசை வேலை செய்வது இதனால்தான். ஷிப்ட் அழுத்தப்பட்டது, இன்னும் விடப்படவில்லை, இதற்கிடையில் 'ஏ' அழுத்தப்பட்டது என்ற செய்திகளைச் சேர்த்துப் பார்த்து, பெரிய எழுத்து வேண்டும் என்று முடிவு செய்வது கணிப்பொறியில் உள்ள இயக்க அமைப்பே. பிரான்சு நாட்டு விசைப்பலகையில் நம் 'ஏ' இருக்கும் இடத்தில் 'கியூ' இருக்கும். விசைப்பலகை அனுப்பும் எண் ஒன்றுதான். அதற்குப் பொருள் கொள்ளும் முறைதான் நாட்டுக்கு நாடு, மொழிக்கு மொழி மாறுகிறது.

யாருக்கு வந்த கடிதம்?

திரையில் ஒரே நேரத்தில் பல சாளரங்கள் திறந்திருக்கலாம். ஒரு படிவத்திலேயே பெயர், வகுப்பு, மதிப்பெண் எனப் பல கட்டங்கள் இருக்கலாம். அழுத்திய விசை இவற்றுள் யாருக்கு உரியது? அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பது போல இயக்க அமைப்பு இதனைப் பிரிக்கிறது. விசைச் செய்திகளை வந்த வரிசைப்படி நிறுத்தி, அந்த நேரத்தில் எந்தக் கட்டம் கவனத்தைப் பெற்றிருக்கிறதோ அதற்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறது. இமைத்துக்கொண்டிருக்கும் சிறு கோடு எந்தக் கட்டத்தில் தெரிகிறதோ, அதுவே கவனத்தைப் பெற்ற கட்டம். டேப் விசையை அழுத்தினால் கவனம் அடுத்த கட்டத்துக்கு நகரும்.

மூன்று நிகழ்வுகள்

விண்டோஸில் படிவம் அமைக்கும் நிரலாளருக்கு இந்தச் செய்திகள் மூன்று நிகழ்வுகளாக வந்து சேர்கின்றன. 1991இல் வெளிவந்த விஷுவல் பேசிக் மொழியிலேயே இவை இருந்தன. பின்னர் 2002இல் வந்த டாட் நெட் படிவங்களிலும் இதே பெயர்களில் தொடர்கின்றன.

1. கீ-டவுன்: விசை கீழே சென்றது. எந்த விசை என்பது தெரியும்.
2. கீ-பிரஸ்: ஓர் எழுத்து உருவாயிற்று. எந்த எழுத்து என்பது தெரியும்.
3. கீ-அப்: விசை மேலே வந்தது.

முதலாவதும் மூன்றாவதும் விசையைப் பற்றியவை. நடுவில் உள்ளது எழுத்தைப் பற்றியது. அம்புக்குறி விசைகளையும் எப்-1 போன்ற விசைகளையும் அழுத்தினால் எழுத்து எதுவும் உருவாவதில்லை. ஆகவே அவற்றுக்குக் கீ-பிரஸ் நிகழாது. ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் கீ-டவுனும் கீ-பிரஸும் மீண்டும் மீண்டும் நிகழும். கீ-அப் மட்டும் கடைசியில் ஒரே ஒருமுறை நிகழும்.

எண் மட்டும் ஏற்கும் கட்டம்

இப்போது நீங்களே நிரலாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் கட்டத்தில் 0 முதல் 9 வரை உள்ள இலக்கங்களை மட்டும் ஏற்க வேண்டும். விண்டோஸில் மேல்வரிசையில் உள்ள இலக்க விசைகளின் எண்கள் 48 முதல் 57 வரை. 'கீ-டவுனில் இந்த எண்களை மட்டும் விட்டு, மற்றவற்றைத் தடு' என்று எழுதுகிறீர்கள். சரிதானே?

சரியில்லை. ஷிப்டுடன் 4ஐ அழுத்தினால் டாலர் குறி விழும். ஆனால் விசை அதே விசைதான்; அதன் எண் 52. உங்கள் காவலாளி அதை உள்ளே விட்டுவிடுவார்! மறுபுறம், விசைப்பலகையின் வலப்பக்கத்தில் உள்ள இலக்க விசைகளின் எண்கள் 96 முதல் 105 வரை. அங்கே ஒருவர் முறையாக 7ஐ அழுத்தினால் காவலாளி தடுத்து நிறுத்திவிடுவார். வரக்கூடாதது வருகிறது, வரவேண்டியது நிற்கிறது. விசையைக் கேட்கும் இடத்தில் எழுத்தைப் பற்றிக் கேட்டதால் வந்த வினை இது.

அப்படியானால் கீ-பிரஸில் சோதிக்கலாம். அங்கு டாலர் டாலராகவும் 7 ஏழாகவும் வரும். ஆனால் இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. பின்னோக்கி அழிக்கும் பேக்ஸ்பேஸ் விசை, கீ-பிரஸில் 8 என்ற எண்ணுடைய குறியாக வருகிறது. 'இலக்கம் அல்லாத அனைத்தையும் தடு' என்று எழுதிவிட்டால், 78 என்பதற்கு 87 என்று தவறாக அடித்தவர் அதை பேக்ஸ்பேஸ் கொண்டு அழிக்கவே முடியாது! எனவே அதற்கு விலக்கு அளிக்க வேண்டும்.

'அம்மா'வின் கணக்கு

இனி, தொடக்கத்தில் கேட்ட கணக்குக்கு வருவோம். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறையே தமிழ் 99. இதில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அழுத்தினால் 'அம்மா' கிடைக்கும். புள்ளியை நாம் அடிக்கவே இல்லை. அது எங்கிருந்து வந்தது? ஒரே மெய் இருமுறை அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வைக்க வேண்டும் என்பது இம்முறையின் விதி. அடுத்து, 'ஆ' விசையைச் சொல்லின் முதலில் அழுத்தினால் ஆ என்ற உயிரெழுத்து வரும். மெய்யை அடுத்து அழுத்தினால் கால் மட்டுமே வரும். ஆக, ஒரு விசை எதைத் தரும் என்பது அதற்கு முன் என்ன அடித்தோம் என்பதைப் பொறுத்தது.

இனி நினைவகம். எழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண்களைத் தரும் யூனிக்கோடு முறையில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, உயிர்மெய்க் குறியீடுகள் 11, புள்ளி 1, ஆய்தம் 1 என 43 எண்களைக் கொண்டே 247 எழுத்துகளையும் அமைத்துவிடலாம். அதன்படி 'அம்மா' இவ்வாறு பதிகிறது:

அ – 2949
ம – 2990
புள்ளி – 3021
ம – 2990
கால் – 3006

இரண்டாம் முறை 'ம' விசையை அழுத்தியபோது 3021, 2990 என்ற இரண்டு எண்கள் ஒரே அழுத்தத்தில் சேர்ந்தன. விசையும் எழுத்தும் ஒன்றே என்று நம்பும் நிரல் இங்கேதான் தடுமாறுகிறது.

இதன் விளைவை ஒரு பெயரில் பார்ப்போம். 'கிருஷ்ணமூர்த்தி' என்பதில் எட்டு எழுத்துகள். ஒரு படிவத்தின் பெயர்க் கட்டத்தில் 12 இடங்கள் உள்ளன. தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பெயர் நினைவகத்தில் 15 எண்களாகிறது! பன்னிரண்டாவது எண்ணுடன் கட்டம் நிரம்பிவிட, 'கிருஷ்ணமூர்த' என்று பெயர் நின்றுவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்பதால், அந்தக் கட்டத்தை அமைத்தவருக்கு இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது. ஆனால் அந்தப் பெயருடன் சான்றிதழ் அச்சாகிவிட்டால், அதைத் திருத்துவதற்கு அலைய வேண்டியவர் அந்த மாணவரே அல்லவா?

விசையே இல்லாமல் வரும் எழுத்து

இன்னும் ஒரு செய்தி. வேறோர் இடத்தில் நகலெடுத்த எழுத்துகளை மவுஸைக் கொண்டு கட்டத்தில் ஒட்டினால் எந்த விசையும் அழுத்தப்படுவதில்லை. கீ-டவுன் இல்லை, கீ-பிரஸும் இல்லை. ஆனால் எழுத்துகள் உள்ளே வந்துவிடுகின்றன. கைகளைப் பயன்படுத்த இயலாதோர் பேச்சின் மூலம் எழுத்தை உள்ளிடும்போதும் விசைகள் அழுத்தப்படுவதில்லை. விசைகளை மட்டுமே காவல் காக்கும் நிரல், தவறான மதிப்பெண் ஒட்டப்படுவதைத் தடுக்காது. விசைக்காகவே காத்திருக்கும் நிரல், பேசி எழுதுபவருக்குப் பயன்படாது.

ஆகவே நல்ல நிரலாளர் வேலையைப் பிரித்துக்கொள்கிறார். எப்-1 அழுத்தினால் உதவி காட்டுவது, எஸ்கேப் அழுத்தினால் விலகுவது போன்றவை விசையைப் பற்றியவை; அவற்றைக் கீ-டவுனில் கவனிக்கிறார். கட்டத்தில் இருப்பது சரியா என்பது எழுத்தைப் பற்றியது. அதற்குக் கட்டத்தின் உள்ளடக்கம் மாறும்போதும், கவனம் அடுத்த கட்டத்துக்கு நகரும்போதும் அங்கே இருப்பதை முழுமையாகப் படித்துப் பார்க்கிறார். அது எந்த வழியாக வந்தது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கீ-பிரஸில் தடுப்பது அடிப்பவருக்கு ஒரு வசதி. இறுதித் தீர்ப்பு உள்ளடக்கத்தைப் பார்த்தே கூறப்பட வேண்டும்.

செய்து பாருங்கள்

1. தமிழில் 'அம்மா' என்று அடியுங்கள். சொல்லின் முடிவில் நின்று பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். பல நிரல்களில் கால் மட்டும் நீங்கி 'அம்ம' என்று நிற்கும். மீண்டும் 'அம்மா' என அடித்து, 'மா'வுக்கு முன்னே சென்று டெலீட் விசையை அழுத்துங்கள். இப்போது 'மா' முழுவதும் நீங்குகிறதா? இரு விசைகளும் எதை ஓர் அலகாகக் கொள்கின்றன என்று சிந்தியுங்கள்.

2. தமிழ் 99 முறையில் மெல்லின மெய்யை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் தானே புள்ளி விழும். அப்படியானால் 'பந்து' என்பதற்கு எத்தனை எழுத்துகள், எத்தனை விசைகள், எத்தனை எண்கள்?

3. உங்கள் பெயரைத் தாளில் எழுதி, மேலே கூறிய முறைப்படி அது நினைவகத்தில் எத்தனை எண்களாகப் பதியும் என்று கணக்கிடுங்கள். உங்கள் வகுப்பில் உள்ள மிக நீண்ட பெயருக்கும் இதைச் செய்யுங்கள். அந்தப் பெயர் வெட்டுப்படாமல் அடங்க, ஒரு படிவத்தில் குறைந்தது எத்தனை இடங்கள் ஒதுக்க வேண்டும்?

(இரண்டாம் வினாவின் விடை: எழுத்து 3, விசை 4, எண் 5.)