பின்னால் வருகிறவருக்காகக் கட்டுங்கள்

கோவையில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைகளில் வளைந்த ஹேங்கர், கீறல் விழுந்த ஃபிரேம், இறுகிப்போன டிஸ்க் பிரேக் என்றுதான் வேலை வரும். எல்லாம் ஞாயிறன்று வால்பாறைக்கோ கோத்தகிரிக்கோ காரில் ஏற்றிப்போன சைக்கிள்கள். மலையில் ஓட்டியதால் எதுவும் ஆகியிருக்காது. காரில் போன வழியிலேயே கெட்டிருக்கும்.

ஒரே ஒரு சைக்கிள் என்றால் கேரியரே வேண்டாம் என்பேன். பின்சீட்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே படுக்க வையுங்கள். செயின் இருக்கும் வலது பக்கம் மேலே இருக்க வேண்டும். கீழே போனால் எடையெல்லாம் பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் மேல் இறங்கும். அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் வளையட்டும் என்றே மெல்லியதாகச் செய்த அலுமினியத் துண்டு அது. அது வளைந்திருப்பது தெரியாமல் ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால், கியர் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்கிப் பிய்ந்துபோகும்.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தைக் கழற்றியதும் இரண்டு பேடுகளுக்கும் நடுவே மடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். வழியில் லீவர் தெரியாமல் அமுங்கினால் பேடுகள் நெருங்கிவிடும். அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது. காருக்குள்தானே இருக்கிறது என்று கட்டாமலும் விடக்கூடாது. சடன் பிரேக் போட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோ முன்சீட்டில் இருப்பவர் தலைக்கு வரும்.

கூரைமேல் ஏற்றுகிறவர்கள், கார் கையேட்டில் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். கார்பன் ஃபிரேமைக் கவ்விப் பிடிக்கும் கேரியர் ஆகாது. சக்கரத்தைப் பிடிப்பதாக வாங்குங்கள். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து ஹோட்டலின் தரைத்தள பார்க்கிங்கில் நுழைந்துவிட்டால், சைக்கிளும் போகும், கூரையும் நசுங்கும்.

நம்மூரில் அதிகம் விற்பது டிக்கியில் பட்டையால் மாட்டும் கேரியர். விலை குறைவு. எனக்குப் பயம் அதிகமும் இதில்தான். கொக்கி இரும்புத் தகட்டின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்பாய்லரில் மாட்டினால் பெயர்ந்து வரும். டயர் சைலன்சர் வாய்க்கு நேரே தொங்கினால் சூட்டில் வெந்துவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு சைக்கிள் ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் இழுக்கும். எலாஸ்டிக் கயிறு அதற்கு நீண்டு கொடுக்கும், அதனால் அதை நம்பக்கூடாது. நீளாத நைலான் பட்டைதான் வேண்டும். முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர் பாட்டில், பம்பு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றி உள்ளே போடுங்கள்.

நம்பர் பிளேட்டை மறைப்பது சட்டப்படி குற்றம். பிரேக் விளக்கை மறைப்பது அதைவிட ஆபத்து. நம் சாலையில் காரை ஒட்டி வருவது பெரும்பாலும் பைக்தான், அதில் ஒரு குடும்பமே இருக்கும். சைக்கிள் கழன்று விழுந்தால் உங்களுக்குப் பணம் நஷ்டம். அவர்களுக்கு உயிரே போகலாம். பட்டறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

“அண்ணா, ஆட்டிப் பார்த்தேன், அசையலைங்க” என்பார்கள். “சைக்கிளைப் பிடிச்சு ஆட்டினா காரே ஆடணும் தம்பி, அதுதான் கட்டு” என்பேன்.

அப்படிக் கட்டினாலும் ஓட ஓடப் பட்டை கொஞ்சம் தளரும். கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்து இறுக்குங்கள். மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.