பச்சைத் திரை: எந்தத் துணி வாங்கலாம்?

யூடியூப் சேனல் தொடங்குபவர்கள் கேமராவுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, பின்னால் தொங்கும் துணியில் மிச்சம் பிடிக்கிறார்கள். "பச்சையா இருந்தா போதாதா?" என்று சாட்டின் துணியை வாங்கி மாட்டினால், எடிட்டிங்கில் படாதபாடுதான்.

பச்சையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மனிதத் தோலின் நிறத்திலிருந்து அது விலகி நிற்கிறது. பெரும்பாலான டிஜிட்டல் கேமரா சென்சார்களில் சிவப்பு, நீலத்தைவிட பச்சைக்கு இரு மடங்கு புள்ளிகள். ஆனால், மென்பொருள் எதிர்பார்ப்பது ஒரே சீரான பச்சையை. துணி பளபளத்தால் விளக்கொளி பட்ட இடம் வெளுத்துவிடும். சுருக்கம் விழுந்தால் நிழல் கரும்பச்சையாகும். கடையிலேயே செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்க. மினுமினுத்தால் வேண்டாம்.

மஸ்லின் எனும் பருத்தித் துணி மினுக்காது, விலையும் குறைவு. ஆனால், மடித்து வைத்தால் கசங்கும். இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி இழுத்துக் கட்டணும். பின்புறம் மெல்லிய ஃபோம் ஒட்டிய துணி அவ்வளவாகக் கசங்காது, விலைதான் கூடுதல். அறை நிரந்தரமானால் சுவருக்கு மேட் பெயிண்டே போதும்.

திரையிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்றால் தலைமுடியில் பச்சை அடிக்காது. பச்சைப் புடவைதான் கட்டுவேன் என்பவர்களுக்கு நீலத் திரை.