குப்பை தின்னும் புழு, புழு தின்னும் கொடுவா

மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிறவர்கள் விலைக்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இது கடல் மீனா, வளர்ப்பா?” வளர்ப்பு என்றால் ருசி மட்டு என்று சிலர் நகர்ந்துவிடுவார்கள். கடலைச் சுரண்டாமல் வந்த மீனாயிற்றே என்று சிலர் நிம்மதியாக வாங்குவார்கள். இந்த இரண்டாமவர்கள் கணக்கில் ஒரு பிசகு இருக்கிறது. கொடுவாவும் இறாலும் குளத்திலேயே வளர்ந்தாலும், அவை தின்பதில் ஒரு பங்கு கடலிலிருந்துதான் வருகிறது.

கெண்டை வகைகள் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் வைத்தே தேறிவிடும். கொடுவா வேட்டையாடித் தின்னும் சாதி. அதன் தீவனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். அதற்கு நெடுங்காலமாகக் கைகொடுப்பது மீன்தூள். மத்தி, நெத்திலி போன்ற பொடிமீன்களையும் இழுவலையில் சேர்ந்து வரும் கழிசலையும் வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி அரைப்பதுதான் அது. கழிசல் என்று பெயரே தவிர, வளர்ந்தால் நல்ல விலை போகும் மீன்களின் குஞ்சுகளும் அதில் உண்டு. மீனின் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ மீன் போய்விடும்.

2022இல் உலகில் பிடிபட்டதைவிட வளர்த்தெடுத்தது முதல் முறையாக அதிகமானது. மீன், இறால் எல்லாம் சேர்த்துச் சுமார் 9.4 கோடி டன். அதே வேகத்தில் கடல் பொடிமீன் தராது. மீன்தூளுக்குப் பேர்போன பெரு நாடு, 2023இல் எல் நினோவால் கடல் சூடேறி, வலையில் குஞ்சுகளே நிறைந்ததைக் கண்டு, அந்த ஆண்டின் முதல் நெத்திலிப் பருவத்தையே ரத்து செய்தது.

மாற்றுத் தேடும் வேலை நமக்குக் கிட்டத்திலேயே நடக்கிறது. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆரைப் பிடித்துத் தெற்கே போனால் முட்டுக்காடு. 1987இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் அங்கே இருக்கிறது. 1997இல் கொடுவாவைச் செயற்கையாக முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்த நிறுவனம் இது. 2023இல் அல்ட்ரா நியூட்ரி இந்தியா என்ற நிறுவனத்தோடும், 2024 ஜனவரியில் பெங்களூரின் லூப்வார்ம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போட்டது. மீன்தூளுக்குப் பதிலாகப் பூச்சிப் புரதத்தை இறாலுக்கும் கொடுவாவுக்கும் கொடுத்துப் பார்ப்பதே நோக்கம். முதற்கட்ட முடிவுகள் நம்பிக்கை தருகின்றன என்கிறார்கள்.

இப்படிப் பயன்படும் பூச்சிகளில் ஒன்று கறுப்புச் சிப்பாய் ஈ. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம் என்றாலும் இப்போது வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டது. மொட்டை மாடியில் உரத்தொட்டி வைத்திருப்பவர்கள் ஒருநாள் மூடியைத் திறந்து, கொழுத்த பழுப்புப் புழுக்கள் நெளிவதைக் கண்டு அலறுவார்களே, பெரும்பாலும் அது இதுதான். வளர்ந்த ஈக்குத் தின்பதற்கு ஏற்ற வாய் கிடையாது. சில நாள் வாழ்ந்து, இணை சேர்ந்து, சில நூறு முட்டைகளை இட்டு முடிந்துவிடும். நம் சோற்றில் வந்து உட்காரும் வேலை அதற்கில்லை. அந்தச் சில நாளுக்கான சேமிப்பு முழுவதையும் புழுப் பருவத்திலேயே செய்துகொள்கிறது. இரண்டு மூன்று வாரம் அழுகல் எதையும் விடாமல் தின்கிறது. உலர்ந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம், 30 சதவீதம் கொழுப்பு. கூட்டுப்புழுவாகும் நேரம் வந்ததும் கறுத்து, ஈரத்தை விட்டு உலர்ந்த இடம் தேடித் தானே மேட்டில் ஏறும். பண்ணைக்காரர் ஒரு சாய்தளம் வைத்து அதன் முடிவில் வாளியை வைத்தால் போதும், அறுவடை தானாக வந்து விழும்! மிச்சக் கழிவு உரமாகிறது.

குறையும் உண்டு. மீன்தூளில் இருக்கும் அளவுக்கு மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இதில் இல்லை. மீன் சாப்பிடச் சொல்லி டாக்டர்கள் பரிந்துரைக்கும் ஒமேகா-3 இதில் மிகக் குறைவு. பூச்சித் தீவனம் கூடக்கூட மீனிலும் அது குறையும். அதனால் மீன்தூளில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதே இப்போதைக்கு நடைமுறை.

என்னைக் கேட்டால் மீன் என்ன தின்கிறது என்பதைவிடப் புழு என்ன தின்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நல்ல தவிட்டையும் தானியத்தையும் கொட்டிப் புழு வளர்த்தால் கடலுக்குப் பதில் வயலைச் சுரண்டுகிறோம், அவ்வளவுதான். கழிவில் வளர்த்தால்தான் லாபம். பள்ளிக்கரணைச் சதுப்பை அரித்துக் கிடக்கும் பெருங்குடிக் குப்பைமேட்டை நினைத்து ஆசை வருவது இயல்பு. ஆனால் பிரிக்காத குப்பை உதவாது. காட்மியம் போன்ற கன உலோகம் இரையில் இருந்தால் புழுவின் உடம்பில் சேர்ந்து மீன் வழியாக நம் தட்டுக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் மீன் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், அந்தப் பூச்சிக்குச் சமையலறைக் கழிவைப் போடக் கூடாது என்ற தடையை விடவில்லை.

அங்கே செலவும் அதிகம். இந்த ஈக்கு 27–30 டிகிரி வெப்பமும், இணை சேர நல்ல வெளிச்சமும் வேண்டும். குளிர்நாட்டில் இரண்டுக்கும் மின்சாரம் எரிக்க வேண்டும். வேறொரு பூச்சியான மாவுப்புழுவை வளர்த்த பிரான்ஸின் இன்செக்ட் நிறுவனமும் பல நூறு மில்லியன் டாலர் முதலீடு திரட்டியும் 2024இல் கடன் சுமையிலிருந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. தென்சென்னையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இங்கே தேவைப்படுவது, கலப்படமில்லாத காய்கறிக் கழிவு தினமும் ஒரே சீராக வந்து சேர்வது. மேடவாக்கம், பள்ளிக்கரணை, சித்தாலப்பாக்கம் காய்கறிக் கடைகளையும் ஜூஸ் கடைகளையும் தினமும் ஒரு சுற்று வர ஒரு குட்டியானை வண்டி கிடைத்தால், சிறிய பண்ணை ஒன்றைத் தொடங்கிப் பார்த்துவிடலாம்.