கிளிப் போட நல்ல பல்லை எடுத்தால் முகம் ஒட்டிப்போகுமா?

"மகளுக்குக் கிளிப் போடும் முன் நான்கு பற்களை எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். சொத்தையே இல்லாத பல்லை எடுக்கலாமா? முகம் ஒட்டிப்போய்விடாதா?" பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது.

பெரும்பாலும் எடுக்கப்படுபவை கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முன்கடைவாய்ப் பற்கள். ஒவ்வொன்றும் சுமார் 7 மி.மீ. அகலம் இருக்கும். பல்லை எடுப்பதால் கிடைக்கும் அந்த இடம் எதற்குச் செலவாகிறது என்பதில்தான் முகத்தின் மாற்றம் இருக்கிறது.

பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக நின்றால், அவற்றை வரிசைப்படுத்தவே அந்த இடம் தீர்ந்துவிடும். உதடு அதிகம் நகராது. எத்துப்பல்லால் உதட்டை மூடவே சிரமப்படும் பிள்ளைக்கு முன்பற்களைப் பின்னுக்கு இழுப்பார்கள். உதடும் ஓரளவு உள்ளே செல்லும், முகம் சீராகும். ஆனால், ஏற்கெனவே தட்டையான உதடும் எடுப்பான மூக்கும் உள்ள பிள்ளைக்கு இதையே செய்தால் வாய்ப்பகுதி உள்வாங்கித் தெரியலாம். வயது ஏற உதடு மெலிவதும் இயல்பு என்பதால், பிற்காலத் தோற்றத்தையும் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் பல்லை எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பா? அதுவும் இல்லை. இடமில்லாத தாடையில் எல்லாப் பற்களையும் வரிசையாக்கினால் முன்பற்கள் வெளியே சாய்ந்து உதடு துருத்தலாம். நெருக்கம் லேசாக இருந்தால் பற்களின் ஓரங்களை மெல்லத் தேய்த்தோ, பல்வரிசையைச் சற்று விரித்தோ இடம் உண்டாக்குவார்கள்.

இந்த விவாதம் பழையது. ஒரு பல்லையும் எடுக்கக் கூடாது என்றார் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள். 1911இல் கால்வின் கேஸ் அதை மறுத்து வாதிட்டார். பின்னாளில் ஆங்கிளின் மாணவரான சார்லஸ் ட்வீடே, பல் எடுக்காமல் தாம் சிகிச்சை செய்தவர்களில் பலருக்குப் பற்களை எடுத்து மறுசிகிச்சை அளித்தார்.

மார்க்க நிலையையும் சிலர் கேட்கிறார்கள். அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறைக்காகவோ செய்வது இதில் சேராது என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கம்.

எடுத்த பல் திரும்ப முளைக்காது. எனவே சம்மதிக்கும் முன் பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: கிடைக்கும் இடம் எதற்குப் பயன்படும்? எடுத்தால் உதடு எங்கே நிற்கும்? எடுக்காவிட்டால் எங்கே நிற்கும்? பதில் தெளிவாக இல்லையென்றால் இன்னொரு பல் சீரமைப்பு நிபுணரிடமும் காட்டிவிட்டு முடிவெடுப்போம்.