லைசென்ஸ் வந்தாச்சு, லாரி யார் கொடுப்பார்?

மதுரையில் விளாங்குடியைத் தாண்டி பரவை மார்க்கெட் பக்கம் விடியற்காலையில் நின்றால், லாரித் தொழிலின் படிக்கட்டு கண்ணெதிரே தெரியும். குட்டியானை, அதற்கு மேல் ஈச்சர், அதற்கும் மேல் டாரஸ். கனரக லைசென்ஸ் வாங்கிய இளைஞருக்கு நேராக டாரஸில் ஏற ஆசை. உரிமையாளர் கேட்பதோ ஒன்றே ஒன்று: "எத்தனை வருஷம் ஓட்டியிருக்க?"

சட்டம் கேட்பது அவ்வளவு இல்லை. 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் பயிற்சிப் பள்ளிச் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2019-இல் போய்விட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துவிட்டது. ஆகவே 20 வயதைத் தாண்டியவர் அந்த ஓராண்டைக் குட்டியானையில் கழிக்கலாம். சந்து பொந்தில் ரிவர்ஸ் எடுக்கவும் கண்ணாடி பார்த்து ஓட்டவும் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

முன்பெல்லாம் கிளீனராக ஏறியவர்தான் டிரைவராக இறங்குவார். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இறுக்குவது, இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்திலேயே காற்று கண்டுபிடிப்பது எல்லாம் அப்படி வந்தவைதான். நடுராத்திரி ரோட்டில் லைசென்ஸ் இல்லாத கையில் ஸ்டியரிங் கொடுத்ததை நியாயப்படுத்த முடியாது. ஆனால் இன்று பல லாரிகளில் கிளீனரே இல்லை. அவருக்கான பேட்டா மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். கற்றுக்கொள்ளும் இடமும் சேர்ந்து போனது. இப்போது, "அனுபவமுள்ள டிரைவர் கிடைக்கவில்லை" என்று அதே உரிமையாளர்கள் புலம்புகிறார்கள்!

பயிற்சி வண்டி பெரும்பாலும் காலியாக ஓடுவது. லோடு ஏறினால் அதே லாரி வேறு லாரி. இதற்குத் தொப்பூர் கணவாயே போதும். பெங்களூரிலிருந்து மதுரைக்கு லோடோடு திரும்பும்போது, தர்மபுரியைத் தாண்டியதும் வரும் நீண்ட இறக்கம் அது. டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விட்டு, இன்ஜினையும் அணைத்துவிடுவார்கள் சிலர். ஏர் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரை ஓட்டுவது இன்ஜின்தான். அது நின்றால், ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் டேங்கில் காற்று குறையும், திரும்ப நிரம்பாது. பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இன்ஜின் ஓடினாலும், நியூட்ரலில் விட்டால் மொத்த எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். சூடேறிப் பிடிமானம் போகும். அங்கே நடந்த கோர விபத்துகளுக்குப் பிறகு, "பிரேக் பிடிக்கவில்லை" என்ற செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாறி, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இறங்குவதுதான் வழி.

அடுத்தது காகிதம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். பொதுவாக 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் செல்லும். வழியில் வண்டி படுத்துவிட்டால், பில் காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம். உடனே ஆபீசுக்குப் போன் போட வேண்டியது டிரைவர். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஏற்றச் சொன்னவர் மட்டுமல்ல, ஓட்டியவரும் சட்டத்தின் முன் பொறுப்பாளி. எடை மேடைச் சீட்டைப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

வேலை நேரம்? நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ரோட்டில் அதை மதித்தவர்கள் குறைவு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். அது வெக்கையைக் குறைக்கும், தூக்கத்தைத் தராது.

முறையாகப் பயில விரும்புவோருக்கு நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையமும், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவும் இருக்கின்றன.

சம்பளம் பேசும் முன் வண்டியின் எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வேலைக்குச் சேராதீர்கள். சேர்ந்த கையோடு, அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.