பழுதுபார்ப்பதும் ஊழியமே



மிஷன் விமான ஊழியத்தின் முதல் விமானத்தை 1946-இல் மெக்சிகோவுக்கு ஓட்டிச் சென்றவர் பெட்டி கிரீன் அம்மையார். அதே ஆண்டில், காட்டுப்பகுதி இறங்குதளமொன்றில் வேறொரு விமானி தரையிறக்கியபோது, அது ஓரத்திலிருந்த சிறு கட்டடத்தில் மோதிச் சேதமடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நேட் செயின்ட் என்ற வாலிபர் அங்கே போய் அதைப் பழுதுபார்த்தார்.

இத்தகைய ஓடுபாதைகள் குட்டையானவை; மண்ணும் புல்லுமானவை. ஈரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. பின்காற்று அடித்தால் விமானம் அதிக வேகத்தோடு தரையைத் தொடும். நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். ஓரத்தில் மரமோ குடிசையோ இருந்தால் சிறு விலகலும் விபத்தாகிவிடும்.

பாகூர், வில்லியனூர் கிராமங்களுக்கு நாங்கள் அனுப்புவது விமானமல்ல, ஆம்புலன்ஸ். ஆனால் மழைக்காலத்து ஏரிக்கரைப் பாதையில் தேய்ந்த டயரும் இதே ஆபத்தையே தரும். மருந்துக்குக் கொடுப்போர் பலர். டயருக்கும் பிரேக்குக்கும் கொடுப்போர் சிலரே. பிரசவ வேதனையோடு காத்திருக்கும் தாய்க்கோ இரண்டும் ஒன்றுதான். உங்கள் காணிக்கையில் வாகனப் பராமரிப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஓட்டுநர்களுக்காக ஜெபியுங்கள்.