பெட்டி புதுசு, ஊசி பழசு

கிள்ளான் பண்டமாரானில் இசைத்தட்டு கேட்க நல்ல நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை. மற்ற நாள்களில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி முச்சந்தியில் கியர் மாற்றினாலே போதும். அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். ஊசி ஒரு துள்ளு துள்ளி, பல்லவியில் இருந்த டி.எம்.எஸ்ஸைச் சரணத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நான் அங்கே ஒரு வீட்டுக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆசிரியர் குழு சொல்லி அனுப்பிய வேலை எளிது. டர்ன்டேபிள் மோகம் திரும்ப வந்திருக்கிறது. எது வாங்கலாம், வைத்திருப்பதை எப்போது மாற்றலாம் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். எழுதியது வேறாகிவிட்டது. காரணம், அந்த வீட்டில் இருந்த ஒரு தராசு.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அங்கிள் என்றே இருக்கட்டும். ஹாலில் மூன்று இயந்திரங்கள். சுவரோரம் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு ரேடியோகிராம், அவருடைய அப்பா தோட்டத்தில் கங்காணியாக இருந்தபோது தவணையில் வாங்கியது. அதன்மேல், ஜப்பானிலிருந்து வந்த பழைய டைரக்ட் டிரைவ் ஒன்று. மேசையில், மகன் தீபாவளிக்கு வாங்கித் தந்த புது பெல்ட் டிரைவ். மூன்றிலும் ஒரே தட்டைப் போட்டுக் காட்டினார். '16 வயதினிலே' படத்தின் 45 சுற்று இ.பி. 1977இல் வந்த படம். நம் நாட்டிலிருந்து போன மலேசியா வாசுதேவனுக்குத் தமிழ் சினிமாவில் ஒரு இடம் பிடித்துக் கொடுத்த பாட்டுகள் அதில் உண்டு. இந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் அந்தத் தட்டுக்குத் தனி மரியாதை.

ரேடியோகிராமில் குரல் வெல்லப்பாகு போல இறங்கியது. கீழ்ச்சுரம் கனம், மேலே ஒன்றும் இல்லை. ஜப்பான்காரனில் தபேலாவின் விரல் தெரிந்தது. புதியதில் விரலும் தெரிந்தது, ஐம்பது வருடக் கீறலும் தெரிந்தது. "எது நல்லா இருக்கு?" என்று கேட்டேன்.

அங்கிள் பதில் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு மின்தராசை எடுத்தார். ஊசி எத்தனை கிராம் அழுத்துகிறது என்று பார்ப்பதற்கான தராசு அது. ரேடியோகிராமின் கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். 6.4. ஜப்பான்காரன் 1.9. மகன் வாங்கித் தந்தது 2.0.

"இப்ப சொல்லுங்க தம்பி. அந்த பெரிய பெட்டியில எங்க அப்பா இருபது வருஷம் போட்டாரு. நான் ஒரு பத்து வருஷம். எத்தனை தட்ட நாங்களே தேய்ச்சித் தின்னுட்டோம் லா!"

கடைகளில் ஒப்பிடும் பேச்சு எல்லாம் பெட்டியைப் பற்றியது. பெல்ட்டா, டைரக்ட் டிரைவா? மரச்சட்டமா, அலுமினியமா? ஆட்டோமேட்டிக்கா, கையால் வைப்பதா? இந்த நாட்டுக்காரர்கள் பெருமையோடு சொல்லும் ஒரு கதையும் உண்டு. 1972இல் வந்து உலகத்து டிஜேக்களின் கையில் புழங்கிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, 2010இல் நின்று, 2016இல் திரும்ப வந்தது. அதன் 2019ஆம் ஆண்டு மாடலான எம்கே7 மலேசியாவிலேயே செய்யப்பட்டது. 33, 45, 78 மூன்று வேகமும் அதில் உண்டு. நல்ல இயந்திரம், சுழலும் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் கையில் ஊசி கிடையாது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டி வாங்கிவிட்டு, அந்தக் கடைசிப் படியில் கையில் கிடைத்த பழைய ஊசியை மாட்டிக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். தளம் சரியில்லை என்றால் எந்த ஊசியும் சரியாகப் பாடாது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

நம் கையில் இருப்பது என்ன தட்டு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் அட்டைப்பெட்டியில் கிடப்பவை பெரும்பாலும் கல்கத்தா டம்டம்மில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. 'திருவிளையாடல்' வசனத் தட்டு, சீர்காழியின் பக்திப் பாடல்கள், எம்.எஸ்.வி. இசையில் நாலு பாட்டு இ.பி. இவை அநேகமாக எல்லாமே மோனோ. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாடல்கள் என்று பேர் வாங்கியது இளையராஜாவின் 'ப்ரியா', 1978. நம் பக்கத்துக்கு வந்து எடுத்த படம் என்பதால் அந்தத் தட்டு இங்கே இன்னும் வேகமாகப் போனது. அதற்கு முந்தைய தட்டுகளுக்கு இடது, வலது என்று ஒன்றுமில்லை. மேடை அகலம், வாத்தியம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றெல்லாம் விளம்பரத்தில் வருவது சுசீலாவின் பழைய பாட்டுக்குப் பொருந்தாது.

மோனோ தட்டில் பாட்டு, ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசும் இரைச்சலும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டையும் எடுத்துக் கொடுக்கும். இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்குத்தான். அங்கிள் அதை அழுத்திக் காட்டினார். பாட்டுக்குப் பின்னால் பெய்துகொண்டிருந்த மழை பாதியாகக் குறைந்தது. செலவு ஒரு காசு இல்லை.

அடுத்தது ஊசி முனை. ஸ்டீரியோ தட்டுக்கான உருண்டை முனை 18 மைக்ரான் ஆரம். பழைய மோனோ எல்.பி.க்கு 25. 78 சுற்றுத் தட்டுக்கு 76. எழுபத்தெட்டின் பள்ளம் அத்தனை அகலம், எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அடியில் விழுந்து குப்பையை உழுதுகொண்டு போகும், பாட்டு எங்கோ மேலே இருக்கும். இன்னொரு நுட்பம் அங்கிள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ரேடியோகிராம் தேய்த்த தட்டில், பள்ளத்தின் சுவர் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்ந்திருக்கும். வேறு அளவு முனை போட்டால் அது தேயாத இடத்தைத் தொடும். செத்துப்போனது என்று ஒதுக்கிவைத்த தட்டு சிலசமயம் எழுந்து பாடும். அவருடைய ஜப்பான் இயந்திரத்தில் ஏடி-விஎம்95 கார்ட்ரிட்ஜ். உடலைக் கழற்றாமல் ஊசியை மட்டும் மாற்றலாம். எழுபத்தெட்டுக்கும் அதே வரிசையில் தனி ஊசி விற்கிறது. ஒரு சட்டைப்பை டப்பாவில் மூன்று ஊசிகளை வெற்றிலைப் பெட்டி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்.

பழைய ஜப்பான் சரக்கு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சனி, ஞாயிறுகளில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் பழஞ்சரக்குச் சந்தைக்குப் போனால் ஆசை யாரையும் விடாது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் பிடித்து கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டியில் தாமான் ஜெயா, இறங்கி நடை. ஆனால் ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. என் நண்பர் எங்கோ வாங்கிய ஒன்றை அவசரத்தில் நேராகச் சுவரில் செருகினார். ஒரே நிமிஷம், ஹால் முழுக்கப் புகை. டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஜப்பானில் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. அறுபதுக்குச் செய்த பழைய பெல்ட் இயந்திரத்தை நம் ஐம்பதில் ஓட்டினால் தட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். வாங்கியவர் அதை 'பழைய தட்டின் கம்பீரம்' என்று பல மாதம் நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பார். மோட்டாரின் புல்லியை மாற்றினால் தீரும். குவார்ட்ஸ் பூட்டுள்ள டைரக்ட் டிரைவுக்கு இந்த வியாதி இல்லை.

இதெல்லாம் பணம் போகிற தொல்லை. தட்டு போகிற தொல்லைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இளசுகள் இன்று முதலில் வாங்குவது சூட்கேஸ் பிளேயர். பார்க்க அழகு, இன்ஸ்டாகிராமுக்கு எடுப்பு, விலையும் மலிவு. அதில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அழுத்தம் பெரும்பாலும் ஐந்து கிராம் பக்கம்; குறைக்கத் திருகும் கிடையாது. ஐந்து கிராமில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். அந்த ஐந்து கிராமும் தலைமுடியை விடச் சிறிய புள்ளியில் இறங்குகிறது. ஆங்கிலப் பாட்டுக் கேட்கிற பிள்ளைக்குத் தட்டு தேய்ந்தால் மறு அச்சு கடையில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளும். பாட்டி வீட்டுப் பரணிலிருந்து எடுத்துவந்த கே.வி. மகாதேவன் தட்டுக்கு மறு அச்சு எங்கே இருக்கிறது? அச்சடித்த ஆலை இன்று அதை அச்சடிக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோது பாதி வீடுகளில் தட்டுகள் சாமான்களோடு லாரியிலேயே உடைந்தன. மீதியில் பாதியைப் பழைய சாமான்காரர் கிலோக் கணக்கில் எடுத்தார். தப்பிப் பிழைத்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் இப்போது பிரியத்தோடு போட்டுத் தேய்க்கிறோம்.

பாட்டெல்லாம் யூடியூபில் கிடைக்கிறதே, எதற்கு இந்தக் கவலை என்பார்கள். கிடைக்கிறதுதான்.

ஊசி முனையில் இருக்கும் வைரத்துக்கும் ஆயுள் உண்டு. நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம் என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் பத்து மாதம். பத்து வருடமாக ஊசி மாற்றாமல் இரண்டாவது, மூன்றாவது டர்ன்டேபிள் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசியும் அவர்களோடு வீடு மாறிக்கொண்டே வரும். தேய்ந்த முனை உளி மாதிரி. போகிற வழியில் மேற்சுரங்களைச் செதுக்கி எடுத்துவிடும். பெட்டியை மாற்ற மனசு வருகிறது, ஊசிக்குச் சில நூறு வெள்ளி என்றால் கணக்குப் பார்க்கிறோம்.

தேய்மானத்துக்கு அடுத்த எதிரி நம் காற்று. கிள்ளான் ஈரத்தில் ஊறுகாயே பூஞ்சை பிடிக்கும்போது காகித உறைக்குள் இருக்கும் தட்டு என்ன செய்யும்? வரியோரம் வெள்ளையாகப் பொரி மாதிரிப் படர்கிறது. அப்படியே ஊசியை வைத்தால் பூஞ்சையும் தூசும் சேர்ந்து முனையில் பஞ்சாக உருண்டுவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மெல்லிய துணி, வரி போகிற திசையிலேயே துடைத்து, வடிநீரிலேயே அலசி, தட்டை நிற்கவைத்துக் காயவிட வேண்டும். லேபிளில் நீர் படக்கூடாது. அங்கிள் மாதம் பத்துத் தட்டுக் குளிப்பாட்டுகிறார்.

இங்கே என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன், தாத்தாவின் பாகவதர் தட்டு ஒன்று கிடைத்தது, 78 சுற்று. பூஞ்சை போக வேண்டுமே என்று மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு நன்றாகப் போகிறது என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். கறுப்பு நிற்கவே இல்லை. பழைய எழுபத்தெட்டு அரக்கில் செய்தது; அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இந்தியாவில் 1960களிலும் அந்தத் தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன, பீட்டில்ஸ் பாட்டுகூட அங்கே 78இல் வந்தது. அதனால் நம் வீடுகளில் அவை நிறைய. நான் துடைத்தது அழுக்கை அல்ல, பாகவதரை. இப்போது அந்தத் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மழமழவென்று ஒரு வட்டம் இருக்கிறது. ஊசி அங்கே வந்ததும் கடல் இரைச்சல்.

இதைச் சொன்னபோது அங்கிள் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எந்த பாட்டு?" என்று மட்டும் கேட்டார்.

கிளம்பும்போது அந்த '16 வயதினிலே' இ.பி.யை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். ஒரு வாரம் வைத்துக் கேட்டுவிட்டுக் கொண்டுவரச் சொன்னார். வாசல்வரை வந்துவிட்டேன். செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"தம்பி, உங்க வீட்டு மிஷின் எத்தன கிராம்?"

யோசித்தேன். அளந்ததில்லை என்றேன்.

அங்கிள் கையை நீட்டினார். "அப்ப இது இங்கயே இருக்கட்டும் லா. நீங்க ஞாயித்துக்கெழம வந்து கேட்டுட்டுப் போங்க."